‘ஆணாக ஆனேன்’ என்று பெர்பெத்துவா எழுதியதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கேள்வி – இரவுவாசகி

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி ஒரு வரிதான், ஆனால் முன்கதை சொல்லாமல் கேட்டால் புரியாது.

நான் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். அதற்குப் பிறகுதான் லத்தீன் படிக்கத் தொடங்கினேன். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஐந்து வரி, சில நாட்களில் இரண்டு வரி. இத்தனை பாடும் ஒரே ஒரு சிறு நூலுக்காக.

கி.பி. 203 மார்ச் 7 அன்று, வட ஆப்பிரிக்காவில் ரோமர் ஆண்ட கார்த்தேஜ் நகரத்து அரங்கில் ஒரு சிறிய கிறிஸ்தவக் கூட்டத்தைக் காட்டு விலங்குகளுக்கு முன்னால் நிறுத்திக் கொன்றார்கள். அதில் ஒருத்தி விபியா பெர்பெத்துவா. வயது சுமார் 22. கையில் பால்குடிக் குழந்தை. சிறையில் இருந்த நாட்களில் தனக்கு நடந்ததையும் தான் கண்ட நான்கு கனவுகளையும் அவளே எழுதினாள். அரங்குக்குப் போவதற்கு முந்தைய நாள் வரை எழுதிவிட்டு, அங்கே நடக்கப்போவதை விரும்புகிறவர் எழுதட்டும் என்று நிறுத்திக்கொண்டாள். மிச்சத்தைப் பெயர் தெரியாத ஒருவர் எழுதினார். முன்னுரையும் அவருடையதுதான். நடுவில் அவளோடு இறந்த சத்தூருஸ் கண்ட ஒரு காட்சியும் வருகிறது. ஆக ஒரே நூலுக்குள் மூன்று கைகள். இதைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது நான்காவது கனவில் நிற்கிறேன். பொம்போனியுஸ் என்ற உதவிக்குரு சிறைக் கதவைத் தட்டி அவளை அரங்குக்கு அழைத்துப் போகிறார். பெரிய கூட்டம். விலங்கு எதுவும் வரவில்லை. பார்க்கவே அருவருப்பான ஓர் எகிப்தியன் சண்டைக்கு வருகிறான். அவளுக்குத் துணையாகச் சில அழகான இளைஞர்கள் வருகிறார்கள். அப்போது இந்த வரி: எத் எக்ஸ்போலியாதா சும், எத் ஃபாக்தா சும் மாஸ்குலுஸ். என் ஆடை களையப்பட்டது, நான் ஆணாக ஆனேன்.

‘ஃபாக்தா’ என்பது பெண்பால் வடிவம். ‘மாஸ்குலுஸ்’ என்றால் ஆண். ஒரே வாக்கியத்தில் வினை பெண்ணாகவும் அதன் விளைவு ஆணாகவும் இருக்கிறது. லத்தீன் படிக்கிறவர் கண்ணில் இது உடனே குத்தும். நான் ‘ஆணாக ஆனேன்’ என்று எழுதினால் ‘ஆனேன்’ என்பதில் ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை. அந்த முரண் அப்படியே காணாமல் போகிறது.

அதோடு விடவில்லை அவள். அரங்கைவிட உயரமான ஒருவர் வருகிறார். கையில் மல்லர் தலைவன் வைத்திருப்பது போன்ற ஒரு கோலும், பொன் ஆப்பிள்கள் தொங்கும் ஒரு பச்சைக் கிளையும். அவர் அறிவிக்கிறார்: இந்த எகிப்தியன் இவளை வென்றால் வாளால் இவளைக் கொல்வான்; இவள் இவனை வென்றால் இந்தக் கிளையைப் பெறுவாள். ஆணான பிறகும் ‘இவள்’! சண்டை முடிந்து அவள் எகிப்தியனின் தலையை மிதித்து நிற்கும்போது அந்தப் பெரியவர் முத்தமிட்டுச் சொல்வதும் ‘மகளே, உனக்குச் சமாதானம்’ என்றுதான். அவளுக்கு இதில் எந்தக் குழப்பமும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆணாகவும் மகளாகவும் ஒரே மூச்சில் நிற்கிறாள்.

இப்போது அடுத்த கைக்கு வாருங்கள். அவள் இறப்பதை எழுதியவர் என்ன எழுதுகிறார்? ஒரு மூர்க்கமான பசு அவளைத் தூக்கி எறிகிறது. கிழிந்த ஆடையை இழுத்துத் தொடையை மூடிக்கொள்கிறாள், வலியைவிட நாணத்தை நினைத்தாளாம். பிறகு ஊசி கேட்டு, கலைந்த கூந்தலை முடிந்துகொள்கிறாள். கனவில் எண்ணெய் பூசிக்கொண்டு எகிப்தியனின் முகத்தில் உதைத்தவள் அவள். அடுத்த நாளை எழுதியவர் அவளைப் போர்த்தி மூடி, ஒரு நல்ல குடும்பத்துப் பெண்ணாக நமக்குத் திருப்பித் தருகிறார். அவள் எழுத்தும் அவர் எழுத்தும் இப்படி அடுத்தடுத்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு மனது ஆறவில்லை.

அவள் அப்பாவைப் பற்றி எழுதியிருப்பதையும் சொல்ல வேண்டும். ரோமக் குடும்பத்தில் தகப்பன் என்றால் அதிகாரம் முழுதும் அவர்தான். அந்த மனிதர் முதலில் அவள் கண்ணைப் பிடுங்கப் போகிறவர்போலப் பாய்கிறார். அடுத்த முறை வரும்போது அவள் கைகளை முத்தமிட்டு, காலில் விழுந்து, ‘மகளே’ என்பதை விட்டு ‘அம்மணி’ என்று கூப்பிடுகிறார். விசாரணையில் ஆளுநர் பொறுப்பிலிருந்த ஹிலாரியானுஸ் அவரைத் தள்ளிவிட்டுக் கோலால் அடிக்கச் சொல்கிறான். தானே அடிபட்டது போல வலித்தது என்று அவள் எழுதுகிறாள். கடைசியில் தன் தாடியைப் பிடுங்கித் தரையில் எறிகிறார். ஒரு வீட்டின் ஆண் அதிகாரம் வரவர உதிர்வதை மகள் பக்கத்தில் நின்று பார்த்து எழுதியிருக்கிறாள். இரக்கத்தோடுதான் எழுதியிருக்கிறாள். இந்தப் பகுதியைத் தமிழாக்கிய இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஒன்று, அந்த வரியைத் தமிழில் எப்படி எழுதுவது? இரண்டாவது கொஞ்சம் பெரியது. ஆதித் திருச்சபையின் வரலாற்றை எழுதியவர்களுக்குத் துணிச்சல் என்றாலே ஆண்மைதானா? ஒரு பெண் துணிந்து நின்றால் அவளை ஆணாக்கு, அல்லது போர்த்தி மூடு, இரண்டைத் தவிர வேறு வழி அவர்களிடம் இருக்கவில்லையா? இதை ஒரு மொழிபெயர்ப்பாளர் எப்படிக் கையாள வேண்டும்?


பதில் 1 – செப்துவாகிந்து

டீச்சர், உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். லத்தீன் எனக்கு வராது, கிரேக்கம் கொஞ்சம் வரும்.

நமக்குச் சொற்களில்தான் முதல் சிக்கல். லத்தீனில் ‘விர்’ என்றால் ஆண், அதிலிருந்து ‘விர்தூஸ்’: வீரம், நற்பண்பு எல்லாம். சிசரோவே அந்தச் சொல் ஆண் என்பதிலிருந்து வந்தது என்று எழுதியிருக்கிறார். கிரேக்கத்திலும் அப்படியே. ‘அனேர்’ ஆண், ‘ஆந்த்ரெயா’ துணிவு. ஒரு பெண்ணைத் துணிச்சல்காரி என்று சொல்ல வாயைத் திறந்தாலே அவளை ஆண் என்று பாதி சொல்லியாகிவிடும்.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் சிமிர்னாவின் ஆயர் போலிகார்ப். 2ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கொல்லப்பட்டார். 86 ஆண்டுகள் கிறிஸ்துவுக்கு ஊழியம் செய்தேன் என்று சொன்ன கிழவர். அவர் அரங்குக்குள் நுழையும்போது வானத்திலிருந்து ஒரு குரல் கேட்டதாகச் சிமிர்னா சபையார் எழுதிய கடிதம் சொல்கிறது: ‘இஸ்கூவெ, போலிகார்ப்பெ, காய் ஆந்த்ரிசூ.’ திடன்கொள் போலிகார்ப், ஆணாயிரு.

இது புதிதாகச் சொன்னதல்ல. யோசுவா 1:6இல் கடவுள் யோசுவாவிடம் சொல்வதன் எதிரொலி. ஆனால் எபிரேயத்தில் பாருங்கள், அங்கே ஆண் என்ற பேச்சே கிடையாது. பலம், உறுதி அவ்வளவுதான். நம் பழைய தமிழ் வேதாகமமும் ‘பலங்கொண்டு திடமனதாயிரு’ என்றே வைத்திருக்கிறது. எபிரேயத்தைக் கிரேக்கத்துக்குக் கொண்டுவந்த யூத மொழிபெயர்ப்பாளர்கள்தான் ‘ஆந்த்ரிசூ’ போட்டார்கள். ஆண்மை அந்த வசனத்துக்குள் நுழைந்தது மொழிபெயர்ப்பின் வழியாக! அதே வினையைத்தான் பவுலும் 1 கொரிந்தியர் 16:13இல் எழுதுகிறார், அங்கே நம் வேதாகமம் ‘புருஷராயிருங்கள்’ என்று சொல்லுக்குச் சொல் போட்டுவிட்டது. அந்தக் கடிதத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த கொரிந்துப் பெண்களை நினைத்துக்கொள்வேன்.

ஏன் இந்த ஆண்மையை இவ்வளவு இறுகப் பிடித்தார்கள் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ரோம உலகத்தில் ஆண் என்றால் அடிக்கிறவன், ஆள்கிறவன். அடி வாங்குவது அடிமைக்கும் பெண்ணுக்கும் உரியது. கிறிஸ்தவர்கள் கும்பிட்டதோ அடிமைகளுக்கான சாவைச் செத்த ஒருவரை. எதிராளிகள் இதை விடவில்லை. சுமார் 178இல் எழுதிய கெல்சுஸ், இந்த மதம் அறிவிலிகளையும் அடிமைகளையும் பெண்களையும் பிள்ளைகளையும்தான் பிடிக்கிறது என்றார். உயிர்த்தெழுதலுக்குச் சாட்சி ஒரு பித்துப்பிடித்த பெண் என்றார். அவர் நூல் இன்று இல்லை, எழுபது ஆண்டு கழித்து ஓரிஜென் என்ற கிறிஸ்தவ அறிஞர் எழுதிய மறுப்பில் துண்டுதுண்டாக இருக்கிறது.

இந்த ஏச்சுக்குப் பதிலாகத்தான் ‘அடித்தவன் அல்ல, தாங்கியவனே ஆண்’ என்று திருப்பினார்கள். அந்த வழியை யூதர்கள் முன்பே போட்டுவைத்திருந்தார்கள். நான்காம் மக்கபேயர் நூலில் ஏழு மகன்களும் கொல்லப்படுவதைப் பார்த்து நின்ற தாயைப் போற்றும்போது, பொறுத்து நிற்பதில் ஆண்களைவிட ஆண்மை மிக்கவளே என்று வருகிறது. பொறுமைக்கு ஆண்மை என்று பெயர் வைத்த பிறகு, பெண் அதில் ஆணை முந்துவதை யாரும் தடுக்க முடியாது. அந்த வாசல் வழியாகத்தான் உங்கள் பெர்பெத்துவா உள்ளே வருகிறாள் என்று நினைக்கிறேன்.


பதில் 2 – நடுக்கோடு

மாற்றுக் கருத்து சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்தக் கனவில் நடப்பது கிரேக்க முறை மல்யுத்தப் போட்டி. ஆடை களைவது, எண்ணெய் பூசுவது, எதிராளி மண்ணில் புரள்வது, நடுவர், பரிசுக் கிளை எல்லாமே அந்தப் போட்டியின் சடங்குகள். அதில் இறங்குகிறவர்கள் ஆண்கள். ஆகவே கனவில் களத்தில் இறங்க வேண்டுமென்றால் உடம்பு ஆணாக வேண்டும். கனவு அப்படித்தான் வேலை செய்யும். ‘பெண்மையைத் தாண்டினேன்’ என்ற பெரிய கோட்பாட்டை அந்த ஒரு வரியில் ஏற்ற வேண்டுமா என்பது என் சந்தேகம். அவள் விழித்ததும் என்ன எழுதுகிறாள்? நான் போராடப் போவது விலங்குகளோடு அல்ல, பிசாசோடு என்று புரிந்துகொண்டேன் என்கிறாள். ஆணானதைப் பற்றி ஒரு சொல்கூட விளக்கம் இல்லை. அவளுக்கு அது முக்கியமாகப் படவில்லை.

அடுத்து அந்த ஊசி. முன்னுரையும் முடிவும் எழுதிய அந்தப் பெயர் தெரியாதவரை, அதாவது தொகுத்தவரை, நீங்கள் கொஞ்சம் அவசரமாகத் தண்டித்துவிட்டீர்கள் என்று படுகிறது. அவர் காரணத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறாரே: விரித்த கூந்தலோடு சாவது மறைசாட்சிக்கு (நம்பிக்கைக்காக உயிர்விடுகிறவருக்கு) அழகல்ல, தன் மகிமையின் நேரத்தில் துக்கம் காப்பதுபோலத் தோன்றிவிடும் என்று. தலைவிரி கோலம் இழவின் அடையாளம். அவள் தலையை முடிந்தது நாணத்தால் அல்ல, இது என் இழவு இல்லை என்று கூட்டத்துக்குக் காட்ட. தொடையை மூடியதை வேண்டுமானால் நீங்கள் சொல்வதுபோல எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. கடைசியில் அனுபவமில்லாத அந்த வாள்வீரன் குத்தும்போது குறி தவறி எலும்பில் படுகிறது. அவள் கத்துகிறாள். பிறகு அவன் நடுங்கும் கையைத் தானே பிடித்துத் தன் தொண்டைக்குக் கொண்டுபோகிறாள். இதை எழுதியவரும் அந்தத் தொகுத்தவர்தான். போர்த்தி மூட நினைத்தவர் இதை எழுதியிருக்க மாட்டார்.


இரவுவாசகி

நடுக்கோடு, நன்றி. ஊசி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அந்தக் காரண வாக்கியத்தை நானே தமிழாக்கி வைத்திருக்கிறேன், இருந்தும் கோபத்தில் அதைத் தாண்டிப் போய்விட்டேன். தொகுத்தவரிடம் இரண்டும் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். அவளோடு இறந்த பெலிசித்தாவைப் பற்றிய இடமும் அப்படித்தான். அந்த அடிமைப்பெண் சிறையில் எட்டாம் மாதத்தில் ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். இரண்டு பெண்களையும் ஆடையில்லாமல் வலைக்குள் கொண்டுவந்தபோது, பெலிசித்தாவின் மார்பில் பால் சொட்டுவதைப் பார்த்துக் கூட்டமே திடுக்கிட்டது, திரும்ப அழைத்துப்போய் ஆடை கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறார். பால் சொட்டியதை அவர் விட்டுவிட்டிருக்கலாம். விடவில்லை.

ஆனால் ‘முக்கியமாகப் படவில்லை’ என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவளுக்குப் பின்னால் வந்தவர்களுக்கு அது மிகவும் முக்கியமாகப் பட்டிருக்கிறது. இருநூறு ஆண்டு கழித்து இவர்கள் நினைவு நாளில் வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீன் பிரசங்கம் செய்கிறார். உடம்பால் பெண்களாக இருந்தாலும் இவர்கள் மனதின் விர்தூஸ் உடலின் பால் வேறுபாட்டை மறைத்துவிடுகிறது என்கிறார். பாராட்டுதான். ஆனால் என்ன பாராட்டு? பெண் என்பது மறைக்கப்பட வேண்டியதாக ஆகிவிட்டது. அவள் கனவில் ‘ஃபாக்தா’வும் ‘மாஸ்குலுஸ்’ஸும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அகுஸ்தீனிடம் ஒன்று மற்றதை மூடுகிறது. இந்த வித்தியாசத்தைத்தான் நான் தமிழில் காப்பாற்றப் பார்க்கிறேன்.

பிற்காலத்தில் இந்தக் கதையைச் சுருக்கி எழுதிய பிரதிகளும் இருக்கின்றன. அவள் எழுத்தில் கணவன் எங்குமே வருவதில்லை. நல்ல மணம் செய்துகொடுக்கப்பட்டவள் என்று தொகுத்தவர் சொல்வதோடு சரி. சுருக்கப் பிரதியில் பெற்றோரோடு கணவனும் விசாரணைக்கு வந்து நிற்கிறான்! யாருக்கோ அந்த வெற்றிடம் பொறுக்கவில்லை.


பதில் 3 – ஏட்டுக்கட்டு

அம்மா, எழுத்தில் விடுபட்டவர்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் லியோன் கடிதத்தைச் சொல்கிறேன். 177இல் இன்றைய பிரான்சில் இருக்கும் லியோனிலும் வியேன்னிலும் நடந்த கொலைகளைப் பற்றி அந்தச் சபையார் ஆசியாவுக்கும் பிரிகியாவுக்கும் எழுதிய கடிதம். ஆதிக் கிறிஸ்தவ வரலாற்றாசிரியர் யூசேபியஸ் தன் ‘திருச்சபை வரலாறு’ நூலின் ஐந்தாம் புத்தகத்தில் அதை எடுத்துப் போட்டதால்தான் நமக்குக் கிடைத்தது. அந்தப் புத்தகத்தின் தொடக்கத்தில் அவர் சொல்வதும் உங்கள் கேள்விக்குப் பொருந்தும்: மற்ற வரலாற்றாசிரியர்கள் போர்களையும் வெற்றிகளையும் தளபதிகளையும் எழுதுவார்கள், நாங்கள் எழுதுவது ஆன்ம சமாதானத்துக்காக நடந்த போர், தாய்நாட்டுக்காக அல்ல உண்மைக்காகத் துணிந்து நின்றவர்கள். அதாவது வரலாறு என்றால் போர்க்கதை என்பதை அவர் மாற்றவில்லை. களத்தை மட்டும் மாற்றினார்.

அந்தக் களத்தின் நடுவில் நிற்பவள் பிளாந்தினா, ஓர் அடிமைப்பெண். காலையிலிருந்து மாலைவரை முறைபோட்டு வதைத்தவர்கள் களைத்துப்போய்த் தோற்றோம் என்றார்கள். அவளைக் கம்பத்தில் தொங்கவிட்டபோது கூட இருந்தவர்கள் தங்கள் சகோதரியின் உருவில் சிலுவையில் அறையப்பட்டவரையே கண்டார்கள் என்று கடிதம் சொல்கிறது. அவளும் ஓர் மல்லர்தான்: சிறியவள், பலவீனமானவள், இகழப்பட்டவள், ஆனால் வெல்ல முடியாத பெரிய மல்லராகிய கிறிஸ்துவை அணிந்தவள். கடைசியில் 15 வயதுப் பொந்திகுஸைத் தைரியப்படுத்தி முன்னே அனுப்பிவிட்டு, பிள்ளைகளை அனுப்பிய தாய்போல அவள் போகிறாள். செப்துவாகிந்து சொன்ன மக்கபேயர் தாய் இங்கே வந்துவிட்டாள் பாருங்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. பிளாந்தினா தாங்குவாளா என்று அவள் எஜமானி பயந்தாள் என்று கடிதம் சொல்கிறது. அந்த எஜமானியும் மறைசாட்சிகளில் ஒருத்தி என்றும் சொல்கிறது. பெயர் சொல்லவில்லை. தொண்ணூறு வயது தாண்டிய ஆயர் பொத்தினுஸுக்குப் பெயர் உண்டு, அந்தப் பையனுக்குப் பெயர் உண்டு, அடிமைக்குப் பெயர் உண்டு. அவளுக்கு இல்லை.

ஆண்களையும் இந்த அளவுகோல் சும்மா விடவில்லை என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓரிஜென் இளம்வயதில் பரலோகராஜ்யத்துக்காகத் தங்களை அண்ணகராக்கிக்கொண்டவர்கள் உண்டு என்ற மத்தேயு 19:12ஐ எழுத்துப்படி எடுத்துத் தன்னை அண்ணகனாக்கிக்கொண்டார் (விதை அறுத்துக்கொண்டார்) என்று யூசேபியஸ் எழுதுகிறார். ஆயர் தெமேத்ரியுஸ் முதலில் வியந்தாராம், பின்னாளில் அதையே அவருக்கு எதிராகக் கிளப்பினாராம். 325இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்தின் முதல் விதியே இதைப் பற்றித்தான்: வைத்தியர் அறுத்திருந்தாலோ காட்டுமிராண்டிகள் அறுத்திருந்தாலோ பரவாயில்லை, நல்ல உடல்நிலையில் தானே செய்துகொண்டவன் குருவாக இருக்கக் கூடாது. எந்த உடம்பு பீடத்தில் நிற்கலாம் என்று அவர்கள் தீர்மானித்த வரலாறு இதுவும்.

கடைசியாக யூனியா. ரோமர் 16:7இல் அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர் என்று பவுல் வாழ்த்தும் பெண். 4ஆம் நூற்றாண்டில் பிரசங்கியார் கிறிசோஸ்தோமுக்கு அவள் பெண் என்பதில் ஐயமே இல்லை, மனமாரப் புகழ்கிறார். அறிஞர்கள் பயன்படுத்தும், புதிய ஏற்பாட்டின் நெஸ்லே கிரேக்கப் பதிப்பு 1927இல் எழுத்தின் மேலுள்ள அழுத்தக்குறியை மாற்றி அவளை யூனியாஸ் என்ற ஆணாக்கியது. அதே பதிப்பு 1998இல் திரும்ப யூனியா ஆக்கியது. ஆக இது பழைய காலத்துப் பழக்கம் மட்டும் இல்லை.


பதில் 4 – வினையெச்சம்

நான் தமிழ் ஆசிரியை. உங்கள் முதல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே என்று வந்தேன்.

தன்மை வினைமுற்றில் பால் தெரியாது என்பது உண்மை. ஆனால் வினையாலணையும் பெயரில் தெரியும். வந்தவன், வந்தவள். லத்தீனில் ‘ஃபாக்தா’ செய்யும் வேலையை நம்மிடம் அதுதான் செய்யும். ‘ஆணாக்கப்பட்டவள் ஆனேன்.’ கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும். இருக்கட்டுமே, மூலமும் வழுக்கிக்கொண்டு போகவில்லை என்றுதானே சொல்கிறீர்கள். ‘ஆடை களையப்பட்டவளாய், ஆணாக்கப்பட்டவளாய் நின்றேன்’ என்றால் ஓசையும் உட்காரும், மூலத்தில் இருப்பதுபோல இரண்டு வினைகளும் பெண்ணாக இருக்கும்.

‘ஆண்மை’ என்று எழுதலாமா, ‘வீரம்’ என்று எழுதலாமா என்ற தயக்கமும் உங்களுக்கு இருக்கும். ‘வீரம்’ என்று எழுதித் தப்பிக்க நினைத்தால் ஒரு செய்தி: அது வடமொழி ‘வீர’ என்பதிலிருந்து வந்தது, அந்த ‘வீர’வும் உங்கள் ‘விர்’ரும் ஒரே வேரில் பிறந்தவை. ஆனாலும் தமிழ்க் காதுக்கு அதில் இன்று ஆண் வாடை இல்லை. வீரத்தாய் என்று கூசாமல் சொல்கிறோம். ‘ஆண்மை’யில் வாடை இருக்கிறது. ஆகவே மூலத்தில் ஆண் என்பது கேட்க வேண்டிய இடத்தில் ‘ஆண்மை’, கேட்க வேண்டாத இடத்தில் வீரம், தீரம், மனத்திடம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

செப்துவாகிந்து சொன்ன திருப்பம் நமக்குப் புதிதல்ல. 773ஆம் குறளில் பேராண்மை என்பது போர்க்களத்துத் தறுகண். 148ஆம் குறளில் ‘பிறன்மனை நோக்காத பேராண்மை’. ஒரே சொல், இரண்டு களம். இரண்டாவதற்குப் பரிமேலழகர் சொல்லும் காரணம், புறப்பகையை அடக்கும் ஆண்மை உடையவர்க்கும் உட்பகையாகிய காமத்தை அடக்குவது அரிது, அதனால் அதை அடக்கியது பேராண்மை என்பது. போரைப் புறத்திலிருந்து உள்ளே கொண்டுபோவதுதான் யூசேபியஸ் செய்ததும். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதாகச் சொல்லவில்லை. வாசகருக்கு விளக்க வேண்டிய இடத்தில் இது கைகொடுக்கும் என்று சொல்கிறேன். ஒரு வேறுபாடும் உண்டு: குறள் அங்கே பேசுவது ஆணிடம் மட்டும். உங்கள் நூலில் அந்தச் சொல் ஒரு பெண்ணின் வாய்க்கு வந்துவிட்டது.


இரவுவாசகி

வினையெச்சம், உங்கள் வாக்கியத்தைப் படித்துவிட்டு எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன். மூன்று வாரமாகச் சுற்றிக்கொண்டிருந்த இடம் அது. முதல் வினையின் ‘வளாய்’ஐ மட்டும் வெட்டிவிட்டேன், இரண்டு ‘வளாய்’ அடுத்தடுத்து வந்தால் பாட்டு மாதிரி ஆகிவிடுகிறது, அவள் நடை பாட்டு இல்லை, மூச்சுவிடாமல் ‘எத், எத்’ (லத்தீனில் ‘மேலும், மேலும்’) என்று அடுக்கிக்கொண்டே போகும் நடை. இப்போது இப்படி இருக்கிறது:

‘என் ஆடையைக் களைந்தார்கள், நான் ஆணாக்கப்பட்டவள் ஆனேன். என் துணைவர்கள் போட்டிக்குச் செய்வதுபோல எனக்கு எண்ணெய் பூசினார்கள். எதிரே அந்த எகிப்தியன் புழுதியில் புரள்வதைக் கண்டேன்.’

அடுத்து வரும் ‘இவளை வென்றால்’ இனி வாசகருக்குத் திடுக்கென்று இருக்காது. ‘ஆக்கப்பட்டவள்’ முன்னாலேயே வழிபோட்டுவிட்டது.

நடுக்கோடு, உங்கள் பதிலால் ஒரு பத்தியைத் திருத்தினேன். முன்னுரையில் தொகுத்தவரைப் பற்றி நான் எழுதியிருந்த கடுமையான மூன்று வாக்கியங்களை எடுத்துவிட்டேன். ஊசிக்கு அவர் சொன்ன காரணத்தையும், நடுங்கும் கையை அவள் பிடித்ததையும் சேர்த்தேன். தொடையை மூடிய இடத்தில் மட்டும், இது வேறு கை எழுதியது என்று ஒரு வரி நிற்கிறது. அதை எடுக்க மாட்டேன்.

எழுதிய கை மாறும் இடங்களில் பக்கத்தை மாற்றுவது என்றும் முடிவு செய்திருக்கிறேன். நான் பார்த்த சில மொழிபெயர்ப்புகளில் மூன்று கைகளும் ஒரே ஓட்டமாக ஓடி, யார் பேசுகிறார் என்றே தெரியாமல் போகிறது. அவள் ‘விரும்புகிறவர் எழுதட்டும்’ என்று நிறுத்தியதற்குப் பிறகு அரைப் பக்கம் வெறுமையாக விடுவேன்.

ஏட்டுக்கட்டு, பிளாந்தினாவின் எஜமானியை நான் இதுவரை கவனிக்காமலே இரண்டு முறை படித்திருக்கிறேன். இன்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒரு துணை வாக்கியத்தில் வருகிறாள், ஒரே ஒரு முறை, தன் அடிமைக்காகப் பயந்தவளாக. அவள் எப்படி இறந்தாள் என்றுகூட இல்லை. அதற்கு மேல் அவளைப் பற்றி எழுத ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்தும் அவளை முன்னுரையில் சேர்த்துவிட்டேன், பிளாந்தினாவுக்கு அடுத்த வரியில்.